சீர் பண்ணி வைத்த குழல்

எங்கள் ஊரில் குரல் முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவார். வீட்டுக்கு வீடு பின்பக்கத்தில் எரிமலைச் சூட்டில் தரை வெடித்து ஆவி வந்துகொண்டே இருக்கிறது. குளிர் தொடங்கிவிட்டால் அது தெருவுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். "தோஃபு வந்துடுச்சா?" என்று அந்த வெள்ளைக்குள்ளிருந்து யாரோ கேட்பார்கள். நானும் பதில் சொல்லிக்கொண்டே நடப்பேன். பத்தடி போன பிறகு ஒரு கூடை தெரியும், அப்புறம் ஒரு கை, அப்புறம் முகம். மருமகளாக வந்து இந்த ஊரில் தோஃபு விற்க ஆரம்பித்து எனக்கு முப்பத்தொரு வருஷமாகிறது. இன்றைக்கும் சில காலைகளில் கனவில் நடப்பது போலத்தான் இருக்கும்.

அந்த ஆவிக்குழிகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நரகம். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஒரு நரகம் உண்டு. அதன் மேல் கல்தொட்டி கட்டி, மூங்கில் பாய் விரித்து, மரமூடி போட்டுவிட்டால் சோறும் முட்டையும் சர்க்கரைவள்ளியும் தானாக வெந்துகொள்ளும். "கொஞ்சம் இரு, நரகத்துல சோறு இருக்கு, எறக்கிட்டு வந்துடறேன்" என்று எங்கள் பெண்கள் சொல்லும்போது வெளியூர்க்காரர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

சோற்றை வேக வைக்கும் இந்தக் கந்தக ஆவி மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். டிவி மூன்று வருஷம் தாங்கினால் பெரிது. சில்லறைக் காசு பையிலேயே கறுத்துப்போகும். ஆணி துருப்பிடித்து, படம் தானாகக் கீழே விழும். அதனால் எங்கள் ஊரில் ஒரு பெண் கெட்டிக்காரியா என்பதை அவள் சமையலை வைத்துச் சொல்வதில்லை, சாமான்களை எப்படி எடுத்து மூடி உள்ளே வைக்கிறாள் என்பதை வைத்துத்தான் சொல்வோம். அதற்கு எங்கள் சொல் 'சீர் பண்ணுவது'. குடையைச் சீர் பண்ணு என்றால் மடித்துக் கொண்டுபோய் அலமாரியில் வை என்று பொருள். இதே சொல் தோக்கியோ பக்கம் போனால் உடைந்ததைப் பழுது பார்ப்பது என்று ஆகிவிடுகிறது. இது எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. டிவியில் கேட்டிருக்கிறோம், சிரித்திருக்கிறோம். ஆனால் வாயில் வரும்போதும் காதில் விழும்போதும் யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

அனாய் வீட்டு சுமியேவை மிஞ்சிச் சீர் பண்ணுகிறவள் எங்கள் ஊரில் இல்லை. ஆறு அறை கொண்ட சிறிய விடுதி அவர்களுடையது. எலும்பு முறிந்தவர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் வந்து இரண்டு மூன்று வாரம் தங்கி, சுடுநீரில் ஊறி, தாங்களே நரகத்தில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சுமியே கிக்குச்சி சமவெளியிலிருந்து இருபத்து நாலு வயதில் இங்கே வந்தவள். அங்கே காற்றில் நெல் வாசனை மட்டும்தான். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளி ஜரிகை போட்ட கிமோனோ இடைப்பட்டையை, பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று ஜன்னல் பக்கம் தொங்கவிட்டிருந்தாளாம். முதல் மழைக்காலம் முடிவதற்குள் அது பானையடி போல ஆகிவிட்டது. அழவில்லை என்றாள். கத்திரிக்கோலை எடுத்து அதைச் சின்னச் சின்னப் பைகளாக வெட்டித் தைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சாமானும் வெளியில் உட்கார்ந்து காற்று வாங்கியது கிடையாது.

அளவுக்கு மிஞ்சித்தான் போவாள். தேநீர் பாதி குடித்திருக்கும்போதே கோப்பை கழுவப்பட்டு உள்ளே போய்விடும். புருஷன் கன்ஜி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போனால், திரும்பி வரும்போது அது டப்பாவுக்குள், டப்பா பைக்குள், பை அலமாரிக்குள்.

"நான் கொஞ்சம் அசந்து தூங்கினா என்னையும் துணியில சுத்தி மேல வச்சிடுவா" என்பார் கன்ஜி. "அதனாலதான் குறட்டை விடறேன். உயிரோட இருக்கேன்னு தெரியணுமில்ல."

"குறட்டையைத்தான் வைக்க எடமில்ல. இருந்தா அதையும் எடுத்து வச்சிருப்பேன்" என்பாள் சுமியே, தலையைத் தூக்காமல்.

ஆனால் ஒன்று. எந்தச் சாமானைக் கேட்டாலும், எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும், வைத்த மாதிரியே எடுத்துத் தருவாள். அந்தப் பெயரை அவள் பெரிதாக நினைத்தாள்.

அக்டோபர் நடுவில், மேட்டுப் புல்வெளி முழுக்க நாணற்பூ பூத்திருந்த நேரத்தில், ஓனுகி என்று ஒரு பெண் பதினைந்து நாள் தங்க வந்தாள். தோக்கியோவுக்குப் பக்கத்தில் உராவாவில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே மாட்டாள். கன்ஜிதான் பஸ் நிறுத்தத்திலிருந்து தன் குட்டி லாரியில் அழைத்துவந்தார். வழியில் பேசியதை அவரே பிறகு பத்துத் தடவை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"இந்த ஆவியில எல்லாம் கெட்டுப்போகும்ங்க. கடிகாரம், ரேடியோ, எங்கப்பாவோட பல்செட்டு, எதையும் விடாது. ஆனா கவலைப்படாதீங்க. எதுவா இருந்தாலும் என் வீட்டுக்காரி கையில குடுத்துடுங்க. அவளை மாதிரி சீர் பண்றவ இந்த ஜில்லாவுலயே கிடையாது."

மறுநாள் காலை நான் தோஃபுவோடு சுமியேவின் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். ஓனுகி டீச்சர் ஒரு நீளமான பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே சாவிகள் வைத்த மேல்நாட்டுக் குழல், மூன்று துண்டாக. வெள்ளிக் குழலாம். வந்த களைப்பில் ஜன்னலோரம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போயிருக்கிறாள். கீழேயே நரகம். குழல் இரும்புக் கரண்டி போலக் கறுத்திருந்தது.

"ஐயோ!" என்றேன் நான்.

"என் தப்புதான்" என்றாள் டீச்சர். பிறகு சுமியேவிடம், "அக்கா, இதை உங்களால சீர் பண்ண முடியுமா?"

"இதுக்கென்ன, டீச்சர்! இப்பவே பண்ணிடறேன்."

"இப்பவேவா?"

"வச்சுக்கிட்டிருந்தா இன்னும் மோசமாப் போகும்."

டீச்சர் ஒரு சாவியைத் தொட்டுக் காட்டினாள். மற்றவையெல்லாம் நிமிர்ந்து நிற்க, அது மட்டும் உயிரில்லாமல் தொங்கியது. "இதுதான் முக்கியம். ஏப்ரல்ல இருந்தே இப்படித்தான் ஆடுது."

"பாத்தேன், பாத்தேன். ஆடாத மாதிரி பண்ணிடறேன்" என்றாள் சுமியே.

எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. நானும் இந்தப் பக்கத்துக்காரிதானே. சுமியே குழலை மெத்தென்ற பழைய பருத்தித் துணியில் சுற்றினாள். ஆடும் சாவிக்கு அடியில் பஞ்சு வைத்தாள். எண்ணெய்த்தாள் ஒரு சுற்று, மரக்கரி போட்ட தகர டப்பா, மூடியின் விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா. பிறகு ஆவி நுழையாத உள்ளறையில், இழுப்பறையின் மூன்றாவது தட்டில் கொண்டுபோய் வைத்தாள். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவது போலிருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் டீச்சர் மெல்லக் கேட்டாள். "அக்கா, அது… ஆச்சா?"

"சீர் பண்ணினதா? அன்னிக்கே ஆச்சே, டீச்சர்."

"அவ்வளவு சீக்கிரமா!"

"இதுல என்ன நேரமாகப்போவுது? வேணும்னா எடுத்துத் தரட்டுமா?"

டீச்சரின் இடது கை பைக்குள் போய்விட்டது. "வேண்டாம்" என்றாள் அவசரமாக. "இருக்கட்டும். நான் கேக்கறப்போ குடுங்க."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அன்று சாயங்காலம் குளியல் தொட்டியில் தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் நாங்கள் மூன்று பேர்தான். கழுத்தளவு வெந்நீர், அதற்கு மேல் ஆவி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இடத்தில் மனிதர்கள் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிடுகிறார்கள். ஏப்ரலில் டீச்சர் ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது, கையிலிருந்த குழலில் ஒரு கம்பியும் போனது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் இடது மோதிர விரல் மரத்துக் கிடக்கிறது. குழலில் கெட்டுப்போனதும் அந்த விரல் அமுக்கும் சாவிதான்.

"ரெண்டும் ஜோடியாப் போயிடுச்சு" என்றாள், ஆவிக்குள் சிரிப்பது போல.

உராவாவில் சனிக்கிழமைதோறும் கூடி வாத்தியம் வாசிக்கும் ஒரு குழு இருக்கிறது. பல் டாக்டர், தபால்காரர், இவளைப் போல டீச்சர்கள். பத்தொன்பது வருஷமாக முதல் குழல் இவளுடையது. புதுவருஷக் கச்சேரியில் நடுவில் ஒரு மெதுவான இடம் வருகிறது. அங்கே எல்லோரும் நிறுத்திக்கொள்ள, குழல் மட்டும் தனியாகப் போகும். அதை வாசிப்பாளா மாட்டாளா என்று நவம்பர் ஒன்றாம் தேதி மதியத்துக்குள் குழுத் தலைவருக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"விரல் வேலை செய்யுதா இல்லையான்னு ஒரு தடவை ஊதிப் பார்த்தாத் தெரிஞ்சிடாதா?" என்று கேட்டாள் சுமியே.

"தெரிஞ்சிடும்" என்றாள் டீச்சர். "அதான், அக்கா."

எங்கேயோ தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த பத்து நாட்களை என்னால் வரிசையாக நினைவுபடுத்த முடியவில்லை. வந்தவர்களுக்கு எங்கள் ஊரில் நாள்கள் அப்படித்தான் கரைந்துபோகும். இருக்கிற எங்களுக்கும் அந்த முறை ஏனோ கரைந்தன. காலையில் டீச்சர் வலைப்பையில் நான்கு முட்டையை நரகத்தில் இறக்கிவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருப்பாள். முட்டை வெந்து, ஆறி, மதியமாகியும் அங்கேயே இருப்பாள். மேட்டுக்கு ஏறிப் போவாள். நாணற்பூக்களுக்கு நடுவில் செந்நிற மாடுகள் மேயும், இவள் தலை மட்டும் அவற்றோடு சேர்ந்து நகரும். கன்ஜி கீழேயிருந்து எண்ணிப் பார்த்து, "இன்னிக்கு மாடு ஒண்ணு அதிகம்" என்பார். சாயங்காலம் வந்து இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடப்பாள். எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடது மோதிர விரல் எதையாவது அழுத்திக்கொண்டிருக்கும். பரங்கிக்காயை, தொட்டியின் கல்விளிம்பை, தன் முழங்காலை. சத்தமில்லாத ஏதோ ஒரு பாட்டு. அவள் எழுந்து போனதும் சுமியே வந்து அவள் விட்டுப்போன தொப்பியையும் பாதி படித்த புத்தகத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவாள்.

"என் புத்தகம் இங்க இருந்துச்சே, அக்கா?"

"சீர் பண்ணி வச்சிருக்கேன், டீச்சர்."

"அது கிழியலையே?" என்று ஒருநாள் டீச்சர் குழப்பமாகக் கேட்டாள். சுமியே, "கிழியறதுக்கு முன்னாடியே வச்சிட்டேன்" என்றாள் பெருமையாக. அப்போதாவது எங்களில் ஒருத்திக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு பிற்பகல் மலை உறுமியது. மேலே வாயு அதிகம் என்று சங்கு ஊதி, எரிமலை வாயை எட்டிப் பார்க்கும் பாதையை மூடிவிட்டார்கள். நாங்கள் ஜன்னலை அடைத்துவிட்டுப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தோம். டீச்சர் மட்டும் எழுந்து நின்றாள்.

"ஓடணுமா?"

"இது இருமல், டீச்சர்" என்றார் கன்ஜி. "தும்மினாத்தான் ஓடணும்."

"தும்மப்போகுதுன்னு எப்படித் தெரியும்?"

"நான் ஓடுவேன். என் பின்னாடி வந்துடுங்க."

டீச்சர் வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நான் கூடையோடு போனபோது மூவரும் சமையலறை மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். தகர டப்பா நடுவில் இருந்தது. டீச்சர் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. முகம் வெளுத்திருந்தது. சுமியே ஒட்டுநாடாவை உரித்து, மூடியைத் திறந்து, எண்ணெய்த்தாளை விரித்து, துணியை ஒவ்வொரு மடிப்பாக விலக்கினாள். குழல் கிடந்தது. பதினான்கு நாளுக்கு முன்னால் எப்படிக் கறுத்திருந்ததோ அதே கறுப்பு. பஞ்சை எடுத்ததும் அந்தச் சாவி மறுபடி தொங்கியது.

டீச்சர் அதை விரலால் தொட்டாள். தொட்ட பக்கமெல்லாம் சாய்ந்தது.

"சீர் பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே, அக்கா."

"பண்ணித்தானே வச்சிருக்கேன்! பாருங்க, வந்தன்னிக்கு இருந்ததுக்கு மேல ஒரு புள்ளி கறுத்திருக்கா?"

"இல்ல… இந்தச் சாவி…"

"அது ஆடக்கூடாதுன்னு பஞ்சு வச்சேனே!"

டீச்சர் சுமியேவைப் பார்த்தாள். சுமியே டீச்சரைப் பார்த்தாள். முதலில் புரிந்துகொண்டது கன்ஜிதான். அந்த மனுஷருக்கு எந்த நேரத்தில் சிரிப்பது என்ற விவஸ்தையே கிடையாது. "அடக் கடவுளே! ரிப்பேரு! அவங்க கேட்டது ரிப்பேரு!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். தனியாகச் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

சுமியேவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. கைகளை ஏப்ரனில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "நான் ஒரு முட்டாள், டீச்சர்" என்றாள். "பதினாலு நாளு. பதினாலு நாளு வீணாக்கிட்டேன்."

டீச்சர் கோபப்படுவாள் என்று காத்திருந்தோம். ஆனால் அவள் முகத்தில் மெல்ல வேறொன்று பரவியது. பரீட்சை நாளில் புயல் என்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால் பிள்ளைகள் முகத்தில் வருமே, அது.

"பரவாயில்லக்கா" என்றாள். "சொல்லப்போனா இது நல்லதுதான். குழல் ஒடஞ்சிருக்கு, அதனால முடியாதுன்னு சொல்லிடறேன். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

டப்பாவை மூடக் கை வைத்தாள். சுமியே அதன் மேல் தன் கையை வைத்தாள்.

"என் தலையில போட்டுட்டுப் போறீங்களா, டீச்சர்?"

"ஐயோ, இல்ல…"

"நான் கெடுத்தது குழலோட பதினாலு நாள. விரலுக்கு நான் ஒண்ணும் பண்ணல. அதையும் சேர்த்து என் டப்பாவுக்குள்ள வைக்காதீங்க."

சுமியே விருந்தாளியிடம் குரல் உயர்த்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். உடனே இறங்கி வந்தாள். "அந்தச் சாவி எப்படி இருக்கணும்? சொல்லுங்க. எனக்குக் காட்டுங்க."

"அமுக்கினா எறங்கணும், விட்டா எழும்பணும். எழுப்பறதுக்கு உள்ள முடி மாதிரி ஒரு கம்பி இருந்துச்சு. அதுதான் முறிஞ்சது."

"குமமோத்தோவுல இதுக்கெல்லாம் கடை இருக்கும்" என்றார் கன்ஜி. "லாரியை எடுக்கறேன்."

"போய்ச் சேரவே மத்தியானம் ஆயிடும். அவங்க பன்னண்டுக்குள்ள பேசணும்" என்றேன்.

கன்ஜி தூண்டில் பெட்டியைக் கொண்டுவந்தார். அதிலிருந்த கம்பி எல்லாம் கட்டை கட்டையாக இருந்தது. நைலான் நரம்பைக் கட்டிப் பார்த்தார். கட்டியது கட்டியபடி நின்றது, சாவி அசையவில்லை. "இது ட்ரவுட் மீனுக்கு" என்றார், குழல் மேல்தான் தப்பு என்பது போல.

சுமியே என் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொரித்த தோஃபு பொட்டலங்களை மெல்லிய ரப்பர் வளையம் போட்டுத்தான் கட்டி எடுத்துவருவேன். "அக்கா, அதை ஒண்ணு கழட்டிக் குடுங்க" என்றாள்.

"எங்க ரப்பர் ஒரு வாரத்துல பிசுபிசுன்னு ஆயிடுமே."

"ஒரு வாரம் யாருக்கு வேணும்? ஒரு மணி நேரம் நின்னாப் போதும்."

முதல் வளையம் அறுந்து அடுப்புப் பக்கம் பறந்தது. இரண்டாவது கன்ஜியின் காதில் அடித்தது. "பகையை இப்பத்தான் தீத்துக்கறா" என்றார் அவர். மூன்றாவதைச் சுமியே இரட்டையாக மடித்து, சாவியின் கைப்பிடியில் கோத்து, பக்கத்துத் தண்டின் அடிவழியாகச் சுற்றி மாட்டினாள். முப்பத்து நாலு வருஷமாக எதையாவது கட்டிக்கொண்டும் சுற்றிக்கொண்டும் இருந்த விரல்கள். சாவி எழும்பி நின்றது. அமுக்கினாள், இறங்கியது. விட்டாள், எழும்பியது.

"அமுக்கிப் பாருங்க, டீச்சர்."

"கனமா இருக்கு."

"தோஃபுக்கட்டு ரப்பர்தானே. கொஞ்சம் பிடிவாதமாத்தான் இருக்கும்."

மணி பதினொன்று ஆகியிருந்தது. டீச்சர் எழுந்து நரகத்தின் பக்கம் திறக்கும் கதவருகே போய் நின்றாள். கறுத்த குழலின் துண்டுகளைப் பூட்டி உதட்டில் வைத்தாள். வெகு நேரம் வெறும் மூச்சுதான் வந்தது. பிறகு சத்தம் தொடங்கியது. எப்போது தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆவி மெல்ல எழுவது போல எழுந்து, ஆவியோடு கலந்து, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றே தெரியாமல் வந்துகொண்டிருந்தது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் நின்றது. மரமூடி தடதடத்தது. அரிசி வெந்த வாசனை வந்தது. நான் கூடையைக் கீழே வைக்க மறந்து நின்றேன்.

நடுவில் ராகம் படியேறுவது போல மேலே போகும் ஓர் இடத்தில் ஏதோ ஒன்று சறுக்கியது. டீச்சர் நிறுத்திவிட்டு முதலிலிருந்து வாசித்தாள். அதே இடத்தில் மறுபடி சறுக்கியது. இந்த முறை நிறுத்தாமல் கடைசி வரை போனாள்.

கன்ஜி கைதட்டினார். "அருமை! அப்படியே தூக்கம் வந்துடுச்சு! நல்ல விதமாத்தான் சொல்றேன்."

டீச்சர் சுமியேவைப் பார்த்தாள். சுமியே கைதட்டவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றாள் சுமியே. "ஏறுற எடத்துல ஒண்ணு தடுக்குது."

"ரப்பரா இருக்கும்."

"ரப்பர் மத்த எடத்துலயும் இருந்துச்சே, டீச்சர்."

கன்ஜி மனைவியை முறைத்தார். நானும் அவள் ஏப்ரனைப் பிடித்து இழுக்கலாமா என்று நினைத்தேன். டீச்சர் கதவுப் பக்கம் திரும்பி, அந்தப் படியேறும் இடத்தை மட்டும் தனியாக, மெதுவாக வாசித்தாள். பிறகு இன்னும் மெதுவாக. ஒவ்வொரு தடவையும் மோதிர விரல் மற்ற விரல்களுக்குப் பின்னால், கூட்டத்தில் கடைசியாக வரும் நொண்டிக் கன்று போல வந்து சேர்ந்தது. வந்து சேராமல் இல்லை. தாமதமாக வந்தது.

"ஆமா" என்றாள். "விரல்தான்."

இதை ஏப்ரலிலிருந்து யாரும் அவளிடம் சொல்லவில்லை என்று பின்னால் சொன்னாள். டாக்டர் 'முன்னேற்றம் இருக்கு' என்றாராம். குழுவில் எல்லோரும் 'நீங்க இல்லாம முடியாது' என்றார்களாம். அவள் புருஷன் 'மெதுவாப் பாத்துக்கலாம்' என்றாராம்.

பதினொன்றே முக்காலுக்குப் போன் பண்ணினாள். விடுதியின் போன் நடையில் இருக்கிறது. ஆவிக்குப் பயந்து அதற்கும் சுமியே ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். நாங்கள் மூவரும் சமையலறையில் காதை நீட்டிக்கொண்டு, கேட்காதவர்கள் போல வள்ளிக்கிழங்கு தோலுரித்தோம்.

"தனியா வர்ற எடத்தை குஸே அவங்களுக்குக் குடுத்துடுங்க… இல்ல, குழல் வேலை செய்யுது… விரல் ஒரு எடத்துல லேட்டா வருது. நானே கேட்டேன்… இல்லங்க, வருத்தம் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய்… ரெண்டாவது குழல் எடம் காலியா இருக்கா? அது எனக்கு வேணும்… ஆமா, கேட்டுத்தான் வாங்கறேன். சனிக்கிழமை வந்துடறேன்."

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் வரவில்லை. சுமியே எழுந்து போகப்பார்த்தாள். நான் அவள் முழங்காலைப் பிடித்து அழுத்தினேன். வந்தபோது டீச்சரின் கண் சிவந்திருந்தது, மூக்கும்தான். நேராக மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"சோறு ஆச்சா, அக்கா?"

சுமியே மரமூடியைத் திறந்தாள். சமையலறை முழுக்க வெள்ளையாகி நாங்கள் எல்லோரும் மறைந்துபோனோம். அந்த வெள்ளைக்குள்ளிருந்து சுமியேவின் குரல் வந்தது.

"ரெண்டாவது குழல்னா என்ன பண்ணணும்?"

"முதல் ஆள் மேல வாசிச்சுட்டுப் போவாங்க. நான் அதுக்குக் கீழ கூடவே போகணும்."

"வெளிய கேக்குமா?"

"தனியாக் கேக்காது. இல்லன்னா மட்டும் தெரியும்."

"நான் இந்த வீட்டுல முப்பத்து நாலு வருஷமா அந்த வேலைதான் பாக்கறேன்" என்றார் கன்ஜி. "சம்பளம் கிடையாது, முன்னாடியே சொல்லிட்டேன்."

டீச்சர் சிரித்தாளா, மூக்கைச் சிந்தினாளா என்பது ஆவியில் சரியாகத் தெரியவில்லை. கஷ்கொட்டை போட்ட சோற்றை இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் சுமியேவின் கை தன்பாட்டுக்கு நீண்டு, மேசையிலிருந்த குழலைத் துணியோடு சேர்த்து எடுக்கப்போனது.

"இருக்கட்டும்க்கா" என்றாள் டீச்சர். "கீழ்ப்பாட்டு எனக்குப் பாதிதான் மனப்பாடம். இன்னும் கொஞ்சம் வாசிக்கணும்."

சுமியே கையை எடுத்துக்கொண்டாள். ஒரு சாமான் கண்ணெதிரே ஆவியில் கிடக்க, அவள் சும்மா உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். இரண்டு தடவை எழுந்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

ரப்பர் நாலு மணி வரை தாங்கியது.